நடுவில் எடுத்த கால்

என் மாப்பிள்ளை போட்ட பிரேக்கில் ஒரு குற்றமும் இல்லை. அதைக் கெடுத்தவள் நான்.

மூன்று வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை. சாமி முன்னால் நிற்கும்போது இந்த நினைப்பு வந்தால் அவசரமாக வேறு எதையாவது வேண்டிக்கொண்டு திரும்பிவிடுவேன். உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை... அந்தத் தைரியம்தான், வேறென்ன!

ஊரப்பாக்கத்தில் எங்கள் வீடு. என் கணவர் ஓட்டிய பழைய கார் ஒன்று வாசலில் உறை போட்டு நின்றுகொண்டிருந்தது. அவர் போன பிறகு அதை யாரும் தொடவில்லை. மகள் கோமதி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். அவள் கணவர் தயாளன், மறைமலை நகர் பக்கம் ஒரு கம்பெனியில் காருக்கு அடிப்பாகம் பூட்டும் வேலையில் பன்னிரண்டு வருடம் இருந்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பேத்தியையும் அழைத்துக்கொண்டு மூன்று பேரும் என்னோடு வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த தெருவில் என் மூத்தார் இருக்கிறார். என் கணவரின் அண்ணன். ஏழுமலை என்று பெயர். அந்தப் பெயரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. வாயால் சொன்னதே இல்லை. இந்தப் பக்கத்து நிலமெல்லாம் ஒரு காலத்தில் எங்கள் குடும்பம் உழுதது. அவர் மனை பிரித்து விற்று, கூடுவாஞ்சேரியில் கடைகள் கட்டிவிட்டார். மாமியார் வீட்டில் வந்து தங்கிய மருமகன் என்றால் அவருக்கு ஆகாது.

"இன்னா வூட்டோட மாப்ள, எழுந்தாச்சா?" என்பார், காலை பத்து மணிக்கு. என் மாப்பிள்ளை ஐந்து மணிக்கே எழுந்து தண்ணீர் பிடித்து, பேத்தியைப் பள்ளிக்கு விட்டுவிட்டு வந்திருப்பார். ஆனாலும் சிரித்துக்கொண்டு, "ஆச்சு பெரிய மாமா" என்பார்.

அந்தச் சிரிப்பை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஜன்னல் வழியாகத்தான். ஏனென்றால் மாப்பிள்ளைக்கு நேரே நின்று நான் பேசுவதில்லை. என் அம்மாவும் அப்படித்தான் இருந்தாள். சோறு போடும்போதுகூட, "இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளு கோமதி" என்று மகளிடம்தான் சொல்வேன். அவர் எதிரில் இருப்பார், மகள் அடுத்த அறையில் இருப்பாள்! கோமதிக்குச் சிரிப்பாக வரும். "ஏம்மா, அவர் என்ன புலியா? நீயே கேளேன்" என்பாள். எனக்கு நாக்கு எழாது. மூத்தார் முன்னால் இன்னும் மோசம். அவர் வந்தால் உட்கார்ந்திருக்க மாட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படி. அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே உடம்பு தானாக எழுந்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்? உங்களிடம் நியாயம் கேட்கவா? இருக்கலாம். நம்பாதீர்கள்.

மாப்பிள்ளைக்கு ஓர் ஆசை. வீடு வீடாகப் போய்க் கார் ரிப்பேர் செய்வது, பிறகு சின்னதாக ஒரு ஷெட் போடுவது. கூடுவாஞ்சேரி மார்க்கெட்டுக்குப் பின்னால் மூத்தாருக்கு ஒரு காலி ஷெட் இருந்தது. மேலே இரண்டு அறை. மாப்பிள்ளை ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். மூத்தார் எங்கள் வாசலில் நின்ற காரைக் கைத்தடியால் தட்டினார்.

"இந்த டப்பாவ மொதல்ல ஓட வச்சிக் காட்டு. என்னைய உக்கார வச்சி பீர்க்கன்கரணை வரைக்கும் ஓட்டு. குலுங்காம போச்சுன்னா ஷெட்டு உன்னுது. வாடகை அப்பறம் பாத்துக்கலாம். இல்லன்னா கடைசி வரைக்கும் வூட்டோட மாப்ளதான், இன்னா?"

அன்று மாப்பிள்ளை இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டார்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். முன்பக்கத்து ஷாக் அப்சர்பர் இரண்டும் போயிருந்தன. பள்ளத்தில் இறங்கினால் கார் டொக் டொக்கென்று முட்டும். வாசலிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே கட்டை கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, அவரே மாற்றினார். அதைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங்கை நசுக்கிப் பிடித்துக் கட்ட வேண்டுமாம். தெறித்தால் ஆளையே அடித்துவிடுமாம். பேத்தியை வாசல் பக்கம் வரவே விடவில்லை. ஒவ்வொரு நட்டையும் முடுக்கிவிட்டு அதன் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார், முடுக்கியாயிற்று என்பதற்கு. அப்படி ஒரு கவனம்! என் கணவரிடம்கூட நான் அதைப் பார்த்ததில்லை.

அந்த வேலையில் இருக்கும்போதுதான் பிரேக் பைப் கண்ணில் பட்டிருக்கிறது. பின்னால் இடது சக்கரத்துக்குப் போகும் பைப், தட்டினால் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. "யாரும் கேக்கல, விட்டுட்டுப் போலாம்தான்" என்று கோமதியிடம் சொன்னார். "ஆனா என் கைக்கு வந்ததுக்கப்புறம் எப்படி விடறது?" தாம்பரத்துக்குப் போய்ப் புது பைப் வாங்கி வந்து எல்லாவற்றையும் மாற்றினார்.

மூன்றாம் நாள். மூத்தார் மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார். பதினொரு மணிக்கு மேல் மாப்பிள்ளை சமையலறை வாசலில் வந்து நின்றார். கை முழுக்கக் கறுப்பு.

"அத்தை... ஒரு உதவி. கார்ல உக்காந்து பெடலை அமுக்கணும். கூட வேலை பாத்த ஒருத்தர் வரேன்னாரு, வரல. கோமதி வர சாயங்காலம் ஆயிடும். ஒருத்தரா செய்ய முடியாது இதை."

நான் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

என்னை ஓட்டுகிற இடத்தில் உட்கார வைத்தார். என் கணவர் உட்கார்ந்த இடம். நான் அதில் உட்கார்ந்ததே இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் எனக்குச் சொன்னார். "பைப்புக்குள்ள காத்து நிக்கக் கூடாது அத்தை. ஆயில் நசுங்காது, காத்து நசுங்கும். காத்து இருந்தா நாம அமுக்கறதெல்லாம் அந்தக் காத்தை நசுக்கவே சரியா போயிடும், சக்கரத்தைப் புடிக்காது. நீங்க அமுக்கிப் புடிச்சிக்குங்க. நான் சக்கரத்துகிட்ட நட்டைத் திறப்பேன், அதுல மாட்டியிருக்கற இந்தக் கண்ணாடிக் குழாய் வழியா காத்தோட ஆயில் வெளிய வரும், மூடிடுவேன். மூடிட்டு 'விடுங்க'ன்னு சொல்வேன். அப்பதான் காலை எடுக்கணும். திறந்திருக்கறப்ப எடுத்துட்டா வெளிக்காத்தை உள்ள உறிஞ்சிக்கும். என்ன ஆனாலும் எடுத்துடாதீங்க."

நான் தலையை ஆட்டினேன்.

"அமுக்கினதும் 'அமுக்கிட்டேன்'னு ஒரு குரல் குடுங்க."

நான் கையிலிருந்த வளையலை உருட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, "சரி, வளையலால ஸ்டியரிங்ல ஒரு தட்டு தட்டுங்க. எனக்குக் கேக்கும்" என்றார்.

பெடல் எட்டவில்லை. நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து, புடவையை முழங்காலுக்குக் கீழே வரை தூக்கிச் செருகிக்கொண்டுதான் மிதிக்க முடிந்தது. வாசல் கேட் சாத்தியிருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள்?

"அமுக்குங்க அத்தை."

தட்டு.

"விடுங்க."

இப்படி ஒரு மணி நேரம். நான்கு சக்கரமும் முடிந்தன. எனக்கு வியர்த்துக் கொட்டியது, கால் கடுத்தது, ஆனால்... எப்படிச் சொல்வது? சந்தோஷமாக இருந்தது! அவர் சொல்லுக்கு என் தட்டு, என் தட்டுக்கு அவர் சொல். நானும் என் மாப்பிள்ளையும் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டதே இல்லை, அதைப் பேச்சு என்று சொல்லலாம் என்றால். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளை நம்பி ஒரு காரையே ஒப்படைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"முடிஞ்சுது அத்தை. மொதல்ல எடுத்த அந்தப் பின் சக்கரத்தை மட்டும் கடைசியா இன்னொரு வாட்டி பாத்துடலாம். ஒரு மனத்திருப்திக்கு."

ஒரு மனத்திருப்திக்கு! அத்தோடு நிறுத்தியிருந்தால் பிரேக் கல்லாக நின்றிருக்கும். அவருடைய கவனமே எனக்கு அந்தக் கடைசித் தடவையைக் கொடுத்தது.

"அமுக்குங்க."

அமுக்கினேன். தட்டினேன். அவர் நட்டைத் திறந்த சத்தம் கேட்டது.

கேட் திறந்தது. மூத்தார்.

"இன்னா மாப்ள, வூட்டையே ஷெட்டாக்கிட்டியா? அப்ப எங்கிட்ட ஷெட்டு எதுக்குக் கேக்கற!"

நான் எழுந்துவிட்டேன்.

யோசிக்கவில்லை. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கெண்டைக்கால் தெரிய, என் கணவரின் இருக்கையில், மூத்தார் முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன்! உடம்பு தானாக இறங்கியது, கை புடவையை இழுத்துவிட்டது, முந்தானையைத் தோளில் போர்த்தியது. கார்க் கதவை ஒட்டித் தலை குனிந்து நின்றேன்.

பின்னாலிருந்து குரல். "புடிச்சிக்குங்க அத்தை, தோ, ஒரு நிமிஷம்... வாங்க பெரிய மாமா!"

என் கால் அப்போது தரையில் இருந்தது.

மூத்தார் கூப்பிட்ட பக்கம் அவர் தலை திரும்பியிருந்திருக்க வேண்டும். குழாயை அவர் பார்க்கவில்லை. நட்டை மூடினார். "ஆச்சு. விடுங்க அத்தை" என்றார். நான் எப்போதோ விட்டுவிட்டதை அப்போதுதான் விடச் சொன்னார்.

அமுக்கியதற்கு ஒரு தட்டு வைத்திருந்தோம். எடுத்துவிட்டேன் என்பதற்கு ஒரு தட்டும் வைத்திருக்கவில்லை.

இதுவரை நடந்தது தப்பு. இதை மட்டும் செய்திருந்தால் உங்களிடம் வந்திருக்க மாட்டேன். இனிமேல் சொல்லப் போவதுதான் பாவம்.

மாப்பிள்ளை எழுந்து வந்து, தானே பெடலை மிதித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. இன்னொரு முறை மிதித்தார். "கொஞ்சம் இறங்குதே..." என்று முணுமுணுத்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, மூத்தாருக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"அத்தை, நடுவுல காலை எடுத்துட்டீங்களா? எடுத்திருந்தா ஒண்ணும் இல்ல. அஞ்சு நிமிஷம்தான், இன்னொரு வாட்டி காத்தை வெளிய எடுத்துடலாம்."

எவ்வளவு பதமாகக் கேட்டார்! எனக்கு வெட்கம் வரக்கூடாது என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்!

அந்தப் பக்கம் மூத்தார். "இன்னா மாமியாரும் மருமவனும் ரகசியம்? ஓடுமா, இல்ல தள்ளிகினே போவணுமா? நா நாலு மணிக்கு மனையக் காட்டணும் ஒருத்தருக்கு."

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று. நடுவில் எடுக்கவில்லை என்று.

"சரி அத்தை" என்றார் மாப்பிள்ளை. என்னை நம்பினார். பெடலை மடமடவென்று பத்துத் தடவை மிதித்தார், கெட்டியானதுபோல் தெரிந்தது. "அப்ப பின்னாடி டிரம்மு செட்டாவணும் போல. ஓட ஓட சரியாயிடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஏன் ஆட்டினேன்?

வெட்கம் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆமாம் என்றால் ஏன் என்று கேட்பார். உங்கள் பெரிய மாமாவைப் பார்த்து எழுந்தேன் என்று சொல்ல வேண்டும். கால் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். மூத்தார் சிரிப்பார்...

ஆனால் கால் எழுந்தது மரியாதைக்கு. தலை ஆடியது எதற்கு?

இதற்கு முந்தின வாரம் கோமதி சொல்லியிருந்தாள். "ஷெட்டு கிடைச்சா மேல இருக்கற ரூமுக்கே போயிடறோம்மா. அவருக்கும் இந்தப் பேச்சு கேக்கற தொல்லை இருக்காது. நீ வேணா மாசத்துக்கு ரெண்டு நாள் வந்து இரு." மாசத்துக்கு ரெண்டு நாள்! அதைக் கேட்ட நாளிலிருந்து நான் பேத்தியின் தலையைப் பின்னும்போதெல்லாம் இன்னும் எத்தனை நாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கணவர் போனபின் இந்த வீட்டில் தனியாகக் கிடந்தது எனக்குத்தான் தெரியும்.

கார் கெட்டுப்போகட்டும் என்று நினைத்தேனா? இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் அவர் கேட்ட அந்த ஒரு நொடியில், பெடல் இறங்குகிறதே என்று அவர் முகம் சுருங்கியபோது, எனக்குள் எங்கோ ஓர் ஓரத்தில் ஒரு சின்ன நிம்மதி தோன்றியது. அது இருந்தது. அதை நான் பார்த்தேன். பிறகுதான் தலை ஆடியது.

மாப்பிள்ளை ஓட்ட, மூத்தார் பக்கத்தில் உட்கார, கார் கிளம்பிப் போனது. குலுங்கவே இல்லை. நான் கேட்டைச் சாத்திவிட்டு வாசலில் சிந்திய ஆயிலைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துக் கோமதி ஆட்டோவில் வந்து இறங்கினாள், அழுதுகொண்டே. பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் போகும் தெருவில், முன்னால் பள்ளி வேன் நின்று பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்களாம். இவர் பிரேக்கை மிதித்திருக்கிறார். பெடல் மெத்தென்று உள்ளே போய்விட்டது. வேகம் குறைந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்து, ஒரு காம்பவுண்டுச் சுவரில் கொண்டுபோய் இடித்துவிட்டார். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது பக்கம் உட்கார்ந்திருந்த மூத்தாருக்கு முழங்கால் நொறுங்கிவிட்டது.

தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். நான் கால்மாட்டில் நின்றேன். அவர் கத்தினார். "வேணும்னே எம்பக்கம் வாங்கி இட்சான்! அவன் பக்கம் ஒரு கீறல் கீதா பாரு! வூட்ல உக்காந்து ரிப்பேர் பண்றாராம் ரிப்பேரு. பிரேக்கு போடத் தெரியாத பேமானி!"

மாப்பிள்ளை கைகட்டி நின்றார். நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது. அதைத் துடைக்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

காரைக் கட்டி இழுத்து வந்து வாசலில் விட்டார்கள். இரண்டு நாள் மாப்பிள்ளை அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பேத்தியின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, என்னென்ன செய்தோம் என்று ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். பிறகு கோமதியை உட்கார வைத்து மிதிக்கச் சொன்னார். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். மூன்று சக்கரத்தில் சுத்தமாக ஆயில் வந்தது. அந்தப் பின் சக்கரத்தில் குழாய் முழுக்கக் குமிழி குமிழியாகப் பொங்கி வந்தது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இங்கதான் இருந்திருக்கு காத்து" என்றார். "பெரிய மாமா வந்த நேரம். நான் மூடறதுக்கு முன்னாடியே அத்தையை விடச் சொல்லியிருக்கேன். அவங்க என்ன பண்ணுவாங்க பாவம், நான் சொன்னதும் விட்டாங்க. என் தப்புதான்."

அவங்க என்ன பண்ணுவாங்க பாவம்!

நான் ஜன்னலை விட்டு நகர்ந்து அடுப்பை அணைத்தேன். ஏதோ தீய்ந்த வாசனை. எது தீய்ந்தது என்றுகூட நினைவில்லை. வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வார்த்தைகூட வேண்டாம், ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தாலே போதும், தெரியுமா? இல்லை என்று ஆட்டத் தெரிந்த தலைதானே இது!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குத் திரும்பிய மூத்தாரின் காலைத் தொட்டு மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்டார். நானும் அங்கே நின்றேன், கையில் ஹார்லிக்ஸ் டம்ளரோடு. மூத்தார் அவர் முகத்தைப் பார்க்காமல், "ஷெட்டு பேச்ச விட்று" என்றார். அந்த மாசமே அது தண்ணீர் கேன் போடுகிற ஒருவருக்குப் போய்விட்டது.

மூத்தார் இப்போது காலை இழுத்துக்கொண்டு நடக்கிறார். வாரத்துக்கு ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வருவார். இன்றும் அவர் வந்தால் நான் எழுந்துதான் நிற்கிறேன்.

மாப்பிள்ளை வண்டலூர் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போகிறார். காரை விற்றுவிட்டோம். அதற்குப் பிறகு அவர் ஒரு ஸ்பேனரைத் தொட்டு நான் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை ஸ்கூட்டர் கிளம்பவில்லை என்று கூப்பிட்டபோது, "எனக்குத் தெரியாதுங்க சார், மெக்கானிக்கைக் கூப்பிடுங்க" என்றார். பன்னிரண்டு வருடம் கார் பூட்டியவர்!

கோமதி கெட்டவள் இல்லை. ஆனால் மாதக் கடைசியில் அவளுக்கு வாய் நீளும். "ஒரு நட்டை நேரத்துக்கு மூடத் தெரிஞ்சிருந்தா இன்னிக்கு நமக்குன்னு ஒரு கடை இருந்திருக்கும்" என்பாள். போன வருடம் பேத்தியின் சைக்கிளில் பிரேக் தளர்ந்துவிட்டது. "குடு, நான் பாக்கறேன்" என்று அவர் கை நீட்டினார், எத்தனையோ நாளுக்குப் பிறகு. அவள் சைக்கிளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "வேணாம்ப்பா, கடையிலயே குடுத்துடலாம். நீ பிரேக்குன்னா இடிச்சிடுவ." விளையாட்டாகத்தான் சொன்னாள். நீட்டிய கையை அவர் எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையைத் தடவிக்கொண்டார்.

நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆய்ந்து முடித்தேன்.

அவர்கள் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை. பார்த்தீர்களா? எனக்கு வேண்டியது எனக்குக் கிடைத்துவிட்டது. தினமும் பேத்திக்குப் பின்னல் போடுகிறேன். வீட்டில் ஆள் சத்தம் இருக்கிறது. ஒவ்வொரு சத்தத்துக்கும் விலை கொடுத்தவர் அவர்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பழைய இரும்புக்காரன் தெருவில் கூவிக்கொண்டு வந்தான். மாப்பிள்ளை அவனை நிறுத்தச் சொல்லிவிட்டு, மாடிப்படிக்கு அடியிலிருந்து தன் சாமான் பெட்டியை இழுத்தார். கனம். கோமதியும் பேத்தியும் கடைக்குப் போயிருந்தார்கள். நான் போய் ஒரு பக்கத்துக் காதைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாக வாசல் வரை தூக்கிவந்து வைத்தோம்.

இரும்புக்காரன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"சார், ஸ்பேனர்லாம் புச்சு கணக்கா கீது சார். ஜாக்கி நல்லா கீது. இத்தப் போயி இரும்புல போடுறியே?"

"துருப்புடிச்சிடும்ப்பா. எடுத்துக்கோ."

"மெக்கானிக் யாருக்குனா குடு சார். தொழில் பண்ற சாமான், பாவம் சார்."

"தொழில் பண்றவங்களுக்குத்தான் அது. எனக்கு எதுக்கு? போடுப்பா தராசுல."

அவன் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். மாப்பிள்ளை அதைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பி நின்றார். இப்போதுதான், இப்போது சொல்லிவிடு என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் அந்தப் பெட்டி திரும்ப உள்ளே போகும். வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன்!

அவர் முந்திக்கொண்டார்.

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிகிட்டிருந்தேன். இந்த வீட்டுல எல்லாரும் அதைச் சொல்லிக் காட்டிட்டாங்க. பாப்பாகூட. நீங்க மட்டும் மூணு வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஒரு மாதிரி பாத்தது கூட இல்ல. அதுக்காகத்தான் அத்தை நான் இந்த வீட்டுல கூச்சமில்லாம உக்காந்து சாப்பிடறேன்."

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

என் வாய் மூடிக்கொண்டது. தலை குனிந்தது. அவர் அதையும் என் நல்ல குணத்தில் சேர்த்துக்கொண்டிருப்பார்.

வண்டி தெருமுனை திரும்பிப் போய்விட்டது.

இப்போது எனக்கு ஒரு புது நியாயம் கிடைத்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் அவருக்கு இருக்கிற அந்த ஓர் ஆறுதலும் போய்விடும், அதனால்தான் சொல்லவில்லை என்று. எவ்வளவு வசதியான நியாயம்! வெட்கம் என்றேன், தனிமை என்றேன், இப்போது இரக்கம் என்கிறேன். நாளைக்கு இன்னொன்று கிடைக்கும். எந்த நியாயம் சொன்னாலும் அவர்தான் காலையில் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வண்டலூருக்குப் பெட்டி அடுக்கப் போகிறார்.

அன்று மதியம் அவர் எப்போதையும்விட நிம்மதியாகச் சாப்பிட்டார். அவர் ஏன் கூச்சமில்லாமல் சாப்பிடுகிறார் என்று எனக்கு இப்போது தெரியும்.

தினமும் அந்தச் சோற்றை நான்தான் போடுகிறேன்.